இடித்த கல்லுக்கு ஒரு வழி

நாம் குறைத்துக் கேட்ட தொகைக்கு ஒரு காண்ட்ராக்டர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினால், அது நம்முடைய சாமர்த்தியம் என்று நான் நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. அந்தச் சாமர்த்தியத்தைக் கொண்டாட ராஜகோபுரம் பக்கம் நடந்துபோய் ஒரு ரவா தோசையும், அது செரிப்பதற்குள் ஒரு காபியும் உள்ளே தள்ளினேன். சர்வரிடம்கூடச் சொல்லிவிட்டேன். "பேரம் பேசறதுன்னா ஒரு கலை" என்றேன். அவர் பில்லை வைத்துவிட்டுப் போனார்.

வேலை பெரிய வேலை இல்லை. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் இருக்கிற எங்கள் வீட்டின் கொல்லையில் ஒரு பழைய கழிவறை உண்டு. அதை இடித்துவிட்டு, நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்து எழுந்திருக்கிற மாதிரி புதிதாகக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் என் மனைவி வீட்டுக்கு வர முடியாது. விஷயம் அவ்வளவுதான், ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் வேறு எதுவும் இல்லை.

கொல்லைக்கு இறங்கும் படியில் வழுக்கி விழுந்து அவளுக்குக் கால் எலும்பு முறிந்தது. தில்லை நகர் ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள். "குத்துக்கால் போட்டு உட்காரவே கூடாது, படி பக்கமே போகக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் கே.கே. நகரில் இருக்கிற அவள் அக்கா வீட்டில் இறக்கிவிட்டேன். அங்கே எல்லா வசதியும் இருக்கிறது. அதுதான் அவளுக்குப் பிரச்சினை. அந்த வீட்டை நின்று கட்டியவர் அவள் அக்காவின் கணவர். ஒவ்வொரு குழாயையும் எந்தக் கடையில், எப்படிப் பேசி வாங்கினார் என்பதை காலை, மாலை இரண்டு வேளையும் விளக்குவார்.

"ஏன்னா, இன்னும் கொஞ்ச நாள் இங்க இருந்தா நானே ஒரு குழாய் ஆயிடுவேன். சீக்கிரம் கட்டி முடியுங்கோ" என்று போனில் கிசுகிசுத்தாள்.

தோசை தின்ற கையோடு அந்தக் குழாய் நிபுணருக்குத்தான் முதலில் போன் செய்தேன். என் வெற்றியை அவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

"உடனே ஒத்துண்டானா?" என்றார்.

"உடனே."

"கொஞ்சம்கூட யோசிக்கலையா?"

"இல்லை."

"மீசையத் தடவலையா?"

"அவருக்கு மீசையே கிடையாது."

"அப்ப இன்னும் மோசம்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

அங்கே ஆரம்பித்தது. காண்ட்ராக்டர் ஏன் ஒத்துக்கொண்டார்? துறையூர் பக்கத்துக்காரர், எத்தனையோ வீடு பார்த்தவர், என்னைப் போன்ற ஒரு ஆசாமி வாய்க்கு வந்த தொகையைச் சொன்னதும் "சரிங்க சார், செஞ்சிடலாம்" என்று எழுந்து போனால், அதற்குள் ஏதோ இருக்கிறது. என்ன இருக்கிறது?

நான் வேலை பார்ப்பது ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில், க்ளெய்ம் பிரிவில். பணம் கேட்டு வருகிறவர்களை உட்காரவைத்து, அவர்கள் பாலிசியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது, என்ன போடவில்லை என்று அன்பாகப் படித்துக் காட்டித் திருப்பி அனுப்புவது என் பிழைப்பு. ஆகவே, ஆபத்து எங்கே ஒளிந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், எழுதாமல் விட்டதில்தான். சரி, எல்லாவற்றையும் எழுதிவிட்டால் போயிற்று என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன்.

அடுத்த சில நாட்கள் எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்தில் நடப்பேன், நினைவு வந்ததும் ஓடிப்போய் ஒரு ஷரத்து சேர்ப்பேன். மழை பெய்தால் யார் பொறுப்பு. கொத்தனாருக்கு ஜுரம் வந்தால் யார் பொறுப்பு. குரங்கு வந்து சிமெண்ட் மூட்டையைக் கிழித்தால் யார் பொறுப்பு. நில நடுக்கத்துக்கு ஒரு ஷரத்து. இரண்டு ஷரத்துகளுக்கு இடையில் முரண்பாடு வந்தால் எது செல்லும் என்பதற்கு ஒரு ஷரத்து. சந்தேகம் வந்தபோதெல்லாம் அந்த மனிதருக்கே போன் போட்டேன்.

"ஆணி யாருது?"

"எந்த ஆணிங்க சார்?"

"பொதுவா."

"என்னுதுதாங்க."

"தண்ணி?"

"உங்க கெணத்துத் தண்ணிதாங்க."

"கிணறு வத்திட்டா?"

"சார், அந்தப் பக்கம் கொள்ளிடம் ஓடுது, இந்தப் பக்கம் காவேரி ஓடுது. நடுவுல உக்காந்துக்கிட்டு வத்திட்டான்னு கேக்கறீங்களே, நல்லாவா இருக்கு? வத்துனா நான் கொண்டாறேன், போட்டுக்கங்க."

எல்லாவற்றுக்கும் சரி. எது கேட்டாலும் சரி. ஒவ்வொரு சரியும் என் நெஞ்சில் ஒரு செங்கல்லாக ஏறி உட்கார்ந்தது. ஒரே ஒரு தடவை 'முடியாது' என்று சொல்லித் தொலைக்கமாட்டாரா என்று ஏங்கினேன். முடியாது என்று சொல்கிற மனிதனை நம்பலாம். நானே தினமும் பத்துப் பேரிடம் சொல்கிறேன், என்னை நம்பித்தானே மறுபடியும் வருகிறார்கள்?

எழுதி முடித்ததை மனைவிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். அவள் நிலநடுக்கம் வரை பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் சரி. இடிச்ச கல்லெல்லாம் எப்படி வெளிய போகும்?"

"வாசல் வழியாத்தான்."

"எந்த வாசல்?"

"நமக்கு இருக்கறது ஒரு வாசல்தானே."

இங்கே எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு. இரண்டு பக்கச் சுவரும் பக்கத்து வீட்டுக்காரர்களோடு பொது. பின்னால் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் வேறொருவர் கொல்லை. சந்து, இடுக்கு எதுவும் இல்லை. கொல்லையிலிருந்து ஒரு கல் தெருவுக்குப் போக வேண்டுமானால் சமையல் நடக்கிற தளிகை உள் ஓரமாக வந்து, கூடத்தைத் தாண்டி, ரேழி வழியாக வாசலுக்குப் போக வேண்டும். கூடத்தில்தான் எங்கள் கோயிலாழ்வார், அதாவது பெருமாள் எழுந்தருளியிருக்கிற மர மண்டபம்.

"கூடத்து வழியாவா?" என்றாள். "கக்கூஸ் இடிச்ச கல்லைப் பெருமாளுக்கு முன்னால தூக்கிண்டு போகப்போறாளா?"

"ஒரு திரை போட்டுடலாமேன்னு..."

"திரை போட்டா பெருமாளுக்குத் தெரியாதா? அவர் என்ன உங்க ஆபீசரா?"

ஆக, கடைசிப் பக்கத்தில் ஒரு ஷரத்து கூடியது. இடிக்கப்பட்ட கழிவறையின் கல், மண், ஓடு எதுவும் வீட்டின் கூடத்து வழியாக வெளியே எடுத்துச் செல்லப்படக் கூடாது.

காண்ட்ராக்டர் கையெழுத்துப் போட வந்தார். கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒரு டம்ளர் மோர் கொடுத்துவிட்டு ஸ்டாம்ப் பேப்பரை நீட்டினேன். படிக்கவே இல்லை. பக்கத்தைத் திருப்பினார், கையெழுத்துப் போட்டார், திருப்பினார், போட்டார். நான் இரவும் பகலும் செதுக்கிய ஷரத்துகள், ஒருவர் கண்ணிலும் படாமல் கடந்து போயின. குரங்கு ஷரத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

"கடைசிப் பக்கத்தையாவது படிங்களேன்" என்று கெஞ்சினேன்.

படித்தார். பேனா நின்றது. மறுபடி படித்தார். கூடத்தை ஒருமுறை பார்த்தார், கொல்லைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"கூடத்து வழியா போகக் கூடாதுன்னா, எப்படிங்க சார்? பறந்தா போகும்?"

"அது உங்க பொறுப்பு."

"இது முடியாதுங்க."

என்னுடைய நிம்மதியை எப்படிச் சொல்வது? வந்துவிட்டது, அந்த 'முடியாது' வந்துவிட்டது. மனிதர் உண்மையானவர்தான். அவரைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. பேனாவை மூடி அவர் சட்டைப் பையில் குத்திய பிறகுதான், முடியாது என்றால் என் மனைவி கே.கே. நகரிலேயே இருப்பாள் என்பது எனக்கு உறைத்தது.

"இருங்க, இருங்க" என்று ஓடி, மனைவிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"மாமி, வணக்கங்க. மாடி வழியா எடுக்கலாங்க. கொல்லையிலேருந்து கயிறு கட்டி மொட்ட மாடிக்கு ஏத்தி, அந்தாண்ட தெருப் பக்கமா எறக்கலாம். செலவு ஆகும்" என்றார்.

"மாடி வழியாவா? அப்ப பெருமாள் தலைக்கு மேலயே போகுமே! கீழ போறதுக்கு இதுவா தேவலை?"

காண்ட்ராக்டர் என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

"கொஞ்ச நாளைக்குப் பெருமாளையே மாத்தி வச்சா என்னங்க மாமி? உங்க அக்கா வீட்ல?"

"நல்லா இருக்கே. நானும் இங்க, பெருமாளும் இங்க. எங்காத்துக்காரர் மட்டும் அங்க உங்களோட குடித்தனம் பண்ணட்டுமா?"

மனிதர் இப்போது நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சாமி" என்றார். அதுவரை நான் 'சார்'. அவர் என்னை 'சார்' என்று கூப்பிட்டால் வேலை நடக்கப் போகிறது, 'சாமி' என்று கூப்பிட்டால் செலவு வரப் போகிறது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். "சாமி, மனசுல வச்சுக்காம சொல்றேன். எந்த வழியா எடுத்தாலும் எடுக்கற கூலி எஸ்டிமேட்ல இல்லீங்க. இடிக்கறதுதான் என் கணக்கு. அள்ளி வெளிய போடறது எப்பவும் தனி. இவ்வளவு நீள வீட்டுக்கு மூட்ட மூட்டையா தலைச்சுமை. கோயில் புறப்பாடு நாள்ல வண்டி தெருவுல நிக்க விடமாட்டாங்க."

ஆக, ஓட்டை இங்கே இருந்திருக்கிறது. நில நடுக்கத்துக்கு யோசித்தவன், குரங்கோடு சட்டச் சிக்கல் வராமல் பார்த்துக்கொண்டவன், இடித்த கல் எப்படிப் போகும் என்று யோசிக்கவில்லை. என் பேரத்துக்கு அவர் ஏன் உடனே தலையாட்டினார் என்பதும் புரிந்துபோயிற்று. குறைத்ததை எல்லாம் அங்கே பிடித்துவிடலாம்.

"யோசிச்சு சொல்லுங்க" என்று எழுந்தார். "சீக்கிரம் சொல்லுங்க. என் கொத்தனாருங்க ஊர்ல சின்ன வெங்காயம் போட்டிருக்காங்க. பறிக்க ஆரம்பிச்சுட்டா நான் காலைப் புடிச்சாலும் ஒருத்தனும் வரமாட்டான்."

இனி என்ன செய்வது? நடந்தேன். நடப்பதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. கொல்லைச் சுவருக்குப் பின்னால் இருக்கிற வீட்டுக்காரர் நினைவு வந்ததும், சுற்றிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். சுவரில் ஒரு ஆள் நுழையும் அளவு திறந்துகொண்டு, அவர் வீட்டு வழியாகக் கல்லை எடுத்துக்கொள்ள அனுமதிப்பாரா என்று மிகப் பணிவாகக் கேட்டேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, கூடத்துப் பக்கம் கையைக் காட்டினார். அங்கேயும் ஒரு கோயிலாழ்வார், விளக்கோடு.

"உம்ம பெருமாளுக்கு ஆகாதது எங்க பெருமாளுக்கு ஆகுமாங்காணும்?"

தீர்த்தம் கொடுத்து அனுப்பினார்.

வண்டியை எடுத்துக்கொண்டு நேரே கே.கே. நகர் போனேன். காலை ஒரு முக்காலிமேல் நீட்டி வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஷட்டகர், அந்தக் குழாய் நிபுணர்.

"நான் அன்னிக்கே சொன்னேன். ஏமாந்தேளா?" என்றார்.

"கொஞ்சம் சும்மா இருங்கோ அத்திம்பேர்" என்று அவள் என் பக்கம் திரும்பினாள். "படிக்கு என்ன எழுதியிருக்கேள்?"

"எந்தப் படி?"

"நான் விழுந்த படி."

காகிதத்தைப் புரட்டினேன். அவர் எஸ்டிமேட்டில் 'படி ரிப்பேர்' என்று இருந்தது. அதற்கு ஏற்றாற்போல நானும் படியின் உயரம், அகலம், பூச்சின் தரம் என்று தனி ஷரத்தே போட்டிருந்தேன். பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

அவள் முக்காலிமேல் இருந்த காலைப் பார்த்தாள்.

"எனக்குக் கண்ணை மூடினா அந்தப் படிதான் தெரியறது" என்றாள். "புதுசா எத்தனை டைல்ஸ் வேணா போடுங்கோ. அங்க போறதுக்கு அதுலதானே இறங்கணும்? படியே இருக்கப்படாது. உள்ளேர்ந்து கொல்லைக்கு ஒரே தரையா இருக்கணும்."

எனக்கு உடனே பீதி. "அப்படின்னா கொல்லையை மேடாக்கணும். அதுக்கு மண் கொட்டணும். ரெண்டு மூணு குட்டியானை லோடாவது ஆகும். அதையும் கூடத்து வழியாத்தான் கொண்டு வரணும். அதுக்கும் கூலி. அவன் சாமி, சாமின்னு..."

"மண்ணு எதுக்கு? அங்கயேதான் இவ்வளவு கல்லு கிடக்கப் போறதே."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஷட்டகர் கையிலிருந்த நியூஸ் பேப்பரை மடித்தார்.

"கக்கூஸ் கல்லு மேலயா நடப்பே?" என்றார்.

"மேல சிமெண்டும் டைல்ஸும் போட மாட்டாளா? கீழ போயிட்டா அது தரை. கூடத்துல வந்தாத்தான் கக்கூஸ்."

"சாஸ்திரத்துல அப்படி..."

"சாஸ்திரம் எழுதினவாளுக்கு யாருக்கும் கால் ஒடியலை அத்திம்பேர்."

அங்கிருந்தே காண்ட்ராக்டருக்குப் போன் போட்டேன். இடிப்பதை அங்கேயே போட்டு, திம்சு கட்டையால் கெட்டித்து, தரையை உயர்த்திவிடலாமா? தண்ணீர் வாட்டம் சரியாக வருமா என்று கேட்டுக்கொண்டு, வரும் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

"செய்யலாங்க சாமி. செய்யலாம்... ஆனா ஒண்ணு. நீங்க கொறச்ச ரேட்டுக்கு எனக்குக் கட்டாதுங்க. அள்ளிப் போடற கூலியில பாத்துக்கலாம்னுதான் அன்னிக்கு சரின்னேன். இப்ப அதுவும் இல்லேன்னா நான் கைக்காசு போட்டுத்தான் உங்களுக்குக் கட்டணும்."

இதைத்தான் அன்றே சொல்லியிருக்கலாமே ஐயா என்று கத்தத் தோன்றியது. ஆனால் அன்று நான்தான் அவரைப் பேசவிடவில்லை. பேரம் ஒரு கலை.

என் மனைவி போனை வாங்கினாள். "நாங்க கொறச்சதைத் திருப்பிப் போட்டுக்கோங்கோ. படி கட்டற கூலியைக் கழிச்சுடுங்கோ, மேடு பண்ற கூலியைச் சேத்துடுங்கோ. எல்லாத்தையும் இப்பவே சொல்லிடணும். அப்புறம் எக்ஸ்ட்ராங்கற வார்த்தையே என் காதுல விழப்படாது. வெங்காயத்துக்கு முன்னால முடிக்கணும்."

ஷட்டகருக்கு முகம் செத்துவிட்டது. "ஏத்திக் குடுக்கறதா? காண்ட்ராக்டருக்கா? உலகத்துல யாராவது..."

"நஷ்டத்துக்கு வேலை செஞ்சா அவர் எங்கயாவது ஈடுகட்டித்தானே ஆகணும்? ரெண்டு மூட்டை சிமெண்டைக் கொறச்சுடுவார். அது என் கால்ல வந்து முடியும்" என்றாள்.

ஏற்றிக் கொடுத்ததில் ஒரு விளைவு இருந்தது. நான் எதிர்பார்க்கவே இல்லை. மனிதர் பயந்துவிட்டார். குறைத்தபோது கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர், கூட்டியதும் "பேப்பரை ஒரு தடவ குடுங்க சார், வீட்டுக்குக் கொண்டுபோய் படிச்சுப் பாக்கறேன்" என்றார். மறுநாளிலிருந்து அவர் எனக்குப் போன் செய்ய ஆரம்பித்தார்.

"சார், குரங்கு விஷயம் என்ன சார்?"

"அது... சிமெண்ட் மூட்டையைக் கிழிச்சிட்டா..."

"ஸ்ரீரங்கத்துக் கொரங்குக்கெல்லாம் நான் பொறுப்பில்லீங்க. அதை அடிச்சிடுங்க."

அடித்தேன்.

"நில நடுக்கம் வந்தா நான் திருப்பிக் கட்டித் தரணும்னு போட்டிருக்கீங்களே, நான் உசுரோட இருப்பேனா சார் அப்ப?"

அதையும் அடித்தேன். ஒவ்வொன்றாக முடியாது, முடியாது என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்குத் தூக்கம் வர ஆரம்பித்தது. அவருக்குப் போய்விட்டது என்று கேள்வி. நான் முரண்பாட்டுக்கு எழுதிய ஷரத்தை, முரண்படுவதற்கு வேறு ஷரத்தே மிச்சம் இல்லாததால், நானே அடித்தேன். கடைசியில் நின்றது ஒரு பக்கம். என்ன கட்டுவார், எந்தப் பொருளில் கட்டுவார், எந்தக் கட்டத்தில் எவ்வளவு கொடுப்பேன், கொல்லைக்குப் படி இருக்காது, இடித்தது கொல்லையிலேயே இருக்கும், தாமதமானால் என்ன கழிப்பது. அதைப் படித்து, என்னையும் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டு, கையெழுத்துப் போட்டார்.

வேலை பேசிய நாளில் முடியவில்லை. தரை உயர்ந்து, சுவர் தோள் அளவு எழும்பியபோது கொத்தனார்கள் வெங்காயம் பறிக்கப் போய்விட்டார்கள். தாமதத்துக்கு எழுதியபடி அவர் கழித்துக்கொண்டார், முணுமுணுத்தார், ஆனால் கழித்துக்கொண்டார். எக்ஸ்ட்ரா கேட்கவில்லை. மாசி பிறந்து, கதவுக்குப் பெயிண்ட் காயாமல் இருந்தபோதே அவள் வந்துவிட்டாள். காரிலிருந்து இறங்கி, பெருமாளைச் சேவித்துவிட்டு, ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு நேரே கொல்லைக்குப் போனாள். நடுவில் ஒரு இடத்தில் நின்று, காலால் தரையைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் தோளை விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.